அறுவைக்கு முன் அச்சத்தை மறைக்காதீர்கள்

அறுவைக்கு முன் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்பதை மீறிவிட்டு, அதைக் கடைசி நேரத்தில்தான் சிலர் சொல்கிறார்கள். சென்ற வாரமும் அதே நிலைமைதான். பித்தப்பை அறுவைக்காகக் காலையில் வந்திருந்த மூதாட்டி ஒருவர், மயக்க மருந்து செலுத்தவிருந்த நேரத்தில்தான், விடியற்காலையில் நெஞ்சு படபடத்ததால் ஒரு குவளை தே தாரிக் (கெட்டிப்பால் கலந்த தேநீர்) குடித்ததாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அறுவையை ஒத்திவைத்தோம். "தேநீர்தானே டாக்டர், சாப்பாடு இல்லையே" என்றார் மகன்.

மயக்க மருந்து மருத்துவராக இந்த வாதத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். பால் கலந்த பானம் எதுவானாலும் உங்கள் வயிற்றுக்கு அது உணவே. பால் வயிற்றுக்குள் திரிந்து கட்டியாகிவிடுவதால், அது தண்ணீரைப் போல விரைவில் இறங்குவதில்லை. கெட்டிப்பாலும் பால்தான், மைலோ என்ற சாக்லேட் பானமும் அப்படியே. கஞ்சியை எவ்வளவு வடிகட்டினாலும் அது கஞ்சிதான். பொதுவாகத் திட உணவுக்கும் பால் பானங்களுக்கும் 6 மணி நேரமும், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரமும் இடைவெளி தேவை; உங்கள் மருத்துவமனை அதைவிடக் கூடுதலாகச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். மயக்கத்தில் இருப்பவரின் வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

அந்த அம்மாவை நான் கடிந்துகொள்ளவில்லை. "சின்னப் பரிசோதனைதான்" என்று சொல்லியே வீட்டார் அவரை அழைத்து வந்திருந்தனர். அறுவை என்பதை வார்டில்தான் அறிந்தார். பெற்றோர் பயப்படுவார்கள் என்று உண்மையை மறைக்கும் பிள்ளைகளின் அன்பு எனக்குப் புரிகிறது என்றாலும், முன்கூட்டியே தெரிந்திருந்தால் அவர் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் அனைத்தும் கடைசி நிமிடத்தில் ஒரே திகிலாகத் திரண்டுவிடுகின்றன. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுபவர் நோயாளி. புரிந்துகொள்ள வேண்டியவரும் அவரே. ஆங்கிலம் தெரியாதவராக இருந்தால், தமிழில் விளக்க ஒருவரை ஏற்பாடு செய்யும்படி முன்னதாகவே தாதியிடம் கேளுங்கள்.

"விழிக்காமலே போய்விடுவேனோ" என்ற அச்சத்தைப் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லுங்கள். அறுவை முடியும்வரை உங்கள் மூச்சையும் இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கண்காணித்தபடி மயக்க மருந்துக் குழு அருகிலேயே இருக்கும். படபடப்பு மிகுந்தால் அதைத் தணிக்கவும் மருந்துண்டு. அதைத் தரலாமா என்பதை உங்கள் உடல்நிலையைப் பார்த்து நாங்கள் முடிவு செய்வோம்.

நீரிழிவு மாத்திரை, ரத்தத்தை இளக்கும் மருந்து, நாட்டு மருந்து ஆகிய அனைத்தையும் எழுதி எடுத்து வாருங்கள். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று நீங்களாகவே முடிவு செய்யாதீர்கள். தவறிப்போய் எதையேனும் சாப்பிட்டுவிட்டாலும் மறைக்க வேண்டாம், தயவுசெய்து சொல்லிவிடுங்கள். அறுவைக்கு வேறொரு நாள் குறித்துக்கொள்ளலாம்.