நிழலில் இலை ஏன் கரும்பச்சை?

குலசேகரம் பக்கம் பலாமரத்தில் ஏறிய நல்லமிளகுக் கொடியைப் பாருங்கள். நேர் வெயில் வாங்கும் இலை வெளிறியிருக்கும், உள்ளே நிழலில் இருப்பது கரும்பச்சையாக இருக்கும். (வெளிறல் சத்துக் குறைவாலும் வரும், அது வேறு கதை.) நிழலில் கிடைக்கிற கொஞ்ச ஒளியையும் விடாமல் பிடிக்க, இலை ஒளியறுவடைப் புரதங்களைக் கூடுதலாகச் செய்துகொள்வது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இவற்றில் பெரிய பங்கு எல்.எச்.சி.2 என்ற புரதத்துக்கு. தாவரத்தின் பச்சையத்தில் ஏறக்குறைய பாதி இதில்தான் இருக்கிறது. 2004-ல் ஸ்பினாச் கீரையிலிருந்து எடுத்த புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ்-ரேயில் பார்த்தபோது ஒவ்வொரு நிறமியின் இடமும் தெரிந்தது: 8 பச்சையம்-ஏ, 6 பச்சையம்-பி, 4 கரோட்டினாய்டுகள் (மஞ்சள், ஆரஞ்சு நிறமிகள்).

சரி, புரதம் பச்சையத்தை எதைக் கொண்டு பிடித்துவைக்கிறது? பச்சையத்தின் நடுவில் ஒரு மெக்னீசியம் அணு. நான்கு பக்கமும் நைட்ரஜன் அதைப் பற்றியிருக்க, ஐந்தாவது பிணைப்புக்கு இடம் மிச்சம். புரதத்தின் ஹிஸ்டிடின், குளூட்டமேட் போன்ற அமினோ அமிலங்கள் அங்கே வந்து பிணைகின்றன. சில இடங்களில் நடுவே ஒரு நீர் மூலக்கூறு நிற்கும், ஓரிடத்தில் புரதம் பதிந்திருக்கும் சவ்வின் கொழுப்பு மூலக்கூறே அந்த வேலையைச் செய்கிறது. பச்சையம்-பியில் கூடுதலாக ஒரு ஃபார்மைல் தொகுதி (கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் சேர்ந்த சிறு அணுக்கூட்டம்) உண்டு, அது ஹைட்ரஜன் பிணைப்புக்கு உதவுகிறது.

இத்தனை ஏற்பாடும் இடைவெளிக்காகத்தான். இதே நெருக்கத்தில் பச்சையத்தை வெறுமனே கரைசலாக வைத்தால், பிடித்த ஆற்றல் வெப்பமாக வீணாகிவிடும். புரதம் அவற்றைச் சுமார் ஒரு நானோமீட்டர் தள்ளித் தள்ளி, சரியான கோணத்தில் நிறுத்துகிறது. அதனால் ஆற்றல் பிகோ நொடிகளில் (ஒரு பிகோ நொடி என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவி, ஒளிச்சேர்க்கையின் வேதிவினை தொடங்கும் வினைமையத்தை நோக்கிப் போகிறது.

எனக்கு இதைவிட வியப்பானது இதன் மறுபக்கம். தோவாளையில் கட்டும் மாலையில் பூவை உருவிவிட்டால் நார் வளைந்து நிற்காது. அதுபோல நிறமிகள் இல்லாமல் இந்தப் புரதம் சரியாக மடிவதே இல்லை. பச்சையம்-பி செய்ய முடியாத செடிகளில் இதன் பெரும்பகுதி நிலைக்காமல் சிதைந்துவிடுகிறது. நடுவில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் இரண்டு லூட்டின்கள் (கரோட்டினாய்டில் ஒரு வகை) கட்டமைப்பையும் தாங்குகின்றன, அளவுமீறிய ஒளியில் ஆபத்தான ஆக்சிஜன் உருவாகாமலும் தடுக்கின்றன.

அப்புறம், இலை இந்தப் பச்சையத்தைப் பிரித்துச் சிதைப்பது எப்படி? ரப்பர் இலை உதிரும் காலத்தில் பச்சையம் சும்மா கரைந்து போவதில்லை. பச்சையம்-பி முதலில் ஏ ஆக மாற்றப்படுகிறது. பிறகு ஒரு நொதி அந்த மெக்னீசியத்தையே பிடுங்கி எடுக்கிறது. கிரிகோர் மெண்டலின் பட்டாணிகளில் சில முற்றியும் பச்சையாகவே இருந்ததற்கு, இந்த நொதியின் மரபணு பழுதாகியிருந்ததுதான் காரணம்.