ஸ்லாட்டுக்கு ‘இடம்’ என்று எழுதாதீர்கள்

“மும்பையில் தரையிறங்கும் இடங்களைப் பிடிக்க விமான நிறுவனங்கள் போட்டி” என்று தொலைக்காட்சியில் ஓடியது. பூதப்பாண்டி வீட்டில் பக்கத்தில் இருந்த மாமா கேட்டார்: “பாம்பேல பிளேன் நிறுத்த எடம் இல்லியா மக்ளே?” அவர் மேல் தப்பில்லை. ஆங்கிலத்தில் ‘ஸ்லாட்’ (slot) என்பதை ‘இடம்’ என்று எழுதினால் நிறுத்துமிடம்தான் தோன்றும். இந்தத் தவறை எத்தனை முறைதான் பார்ப்பது!

ஸ்லாட் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். முதலில் நெஞ்செலும்புக்கு மேலே இருக்கும் குழி, பிறகு காசு போடும் பிளவு, அப்புறம் அட்டவணையில் ஒருவருக்கென்று வைத்த நேரம். விமானத் துறையில், நெரிசலான நிலையத்தில் இன்ன நாள் இன்ன நேரம் வந்திறங்கவோ கிளம்பவோ கிடைக்கும் அனுமதி. கிளம்புவதும் சேர்த்திதான், ‘தரையிறங்கும்’ என்பதே பாதிதான் சரி. மும்பையில் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதால் இரண்டையும் ஒரே சமயத்தில் பயன்படுத்த முடியாது. அங்கே தட்டுப்பாடு நேரத்துக்கு.

சிலர் ‘நேர இடைவெளி’ என்கிறார்கள். இது இன்னும் மோசம். இரண்டுக்கு நடுவே சும்மா கிடப்பதுதான் இடைவெளி. முன்னே இறங்கும் விமானத்துக்கும் பின்னே வருவதற்கும் நடுவே விட்டாக வேண்டியது இடைவெளி. அதைக் கொஞ்சம் குறைத்தால் கூடுதல் ஸ்லாட் கிடைக்கும். இவர்கள் தமிழில் அதை எப்படி எழுதுவார்கள்? ‘இடைவெளியைக் குறைத்தால் கூடுதல் இடைவெளி கிடைக்கும்’ என்றா? அகராதியில் கண்ணில் பட்ட முதல் பொருளை எடுத்து வைத்துவிட்டு, எழுதிய வாக்கியத்தை ஒருதரம் வாய்விட்டு வாசித்துக்கூடப் பார்ப்பதில்லை. ‘நேர ஒதுக்கீடு’ பரவாயில்லை, ஆனால் அது கொடுக்கும் செயலின் பெயர். 2016இல் ஓமன் ஏர் நிறுவனம் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஒரு ஜோடி ஸ்லாட்டை 7.5 கோடி டாலருக்கு வாங்கியதாகச் செய்தி வந்தது. கைமாறியது ஒதுக்கீடா?

நம்மிடம் சொல் இருக்கிறது: முறை. பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் குறைந்தால் கால்வாயில் முறை வைத்துத்தான் விடுவார்கள். நம் முறையில் மடையைத் திறக்காவிட்டால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும். ஸ்லாட்டும் அப்படியே. ஒரு பருவத்தில் கிடைத்த ஸ்லாட்டில் 80 சதவீதமாவது பறக்காவிட்டால் அடுத்த பருவத்துக்கு அந்த உரிமை நிற்காது. அதை விட்டுவிடக் கூடாதென்றுதான் 2020 தொடக்கத்தில் ஐரோப்பாவில் பயணிகள் இல்லாமல் கிட்டத்தட்ட காலியான விமானங்களைக்கூட ஓட்டினார்கள்.

‘தரையிறங்கும் முறை’ என்றால் விமானி இறக்கும் விதம் என்று ஆகிவிடுமே என்று கேட்கலாம். சரியான கேள்வி. அதனால் ‘முறைநேரம்’ என்பேன்.

மாமாவிடம், “எடத்துக்கு இல்ல மாமா, எறங்குகதுக்கு முறைநேரம் கிடைக்கத்தான் போட்டி” என்றேன். உடனே கேட்டார்: “பகல் முறைக்கா, பாதிராத்திரி முறைக்கா?”

காலை முறைக்கும் சாயங்கால முறைக்கும்தான்.