போகும் முன் நேரம் பாருங்கள்

இங்கிலாந்தின் தென்கடற்கரையில் நடைப்பயண வழிகாட்டியாக இருக்கிறேன். லண்டனிலிருந்து வரும் நம்மவர்கள் பலருக்கும் பிரைட்டன், டர்டில் டோர், செவன் சிஸ்டர்ஸ் தெரியும். அவற்றைத் தாண்டிப் பார்க்க ஆசைப்படுபவர்களிடம் ஒரு நம்பிக்கையைப் பார்க்கிறேன்: கூட்டம் இல்லாத இடம்தானே, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று. உண்மையில் அங்கேதான் நேரம் பார்த்துப் போக வேண்டும்.

டார்செட்டில் டைனம் என்ற கிராமம். 1943 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்பு, ராணுவப் பயிற்சிக்காக அதைக் காலி செய்யச் சொன்னார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்திலிருந்து 225 பேர் வெளியேறினார்கள். போர் முடிந்ததும் திரும்பிவிடலாம் என்று நம்பி, தேவாலயத்தையும் வீடுகளையும் கவனமாகப் பார்த்துக்கொள்ளும்படி தேவாலயக் கதவில் ஒரு கடிதத்தைக் குத்திவைத்துப் போனார்கள். 1948இல் அரசே நிலத்தைக் கட்டாயமாக எடுத்துக்கொண்டது. யாரும் குடித்தனம் திரும்பவில்லை. கூரையில்லாத வீடுகளுக்கு நடுவே அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்துக்குள் போனால் எவ்வளவு பேசுகிறவர்களும் அமைதியாகிவிடுவார்கள்.

ஆனால் அந்த நிலத்தில் இன்றும் டாங்கிகள் சுட்டுப் பழகுகின்றன. பெரும்பாலான வார இறுதிகளிலும் பொது விடுமுறைகளிலும்தான் மக்களுக்குத் திறப்பார்கள். திறக்கும் நாட்களை அரசு இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சிவப்புக் கொடி பறந்தால் உள்ளே போகக் கூடாது. திறந்திருக்கும் நாளிலும் மஞ்சள் கம்பங்கள் காட்டும் பாதையை விட்டு விலகக் கூடாது. வெடிக்காத குண்டுகள் புல்லுக்குள் கிடக்கலாம். துருப்பிடித்த இரும்பு எதையும் குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சசெக்ஸில் பாஸம் வேறு மாதிரி. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தின்மேல் படையெடுத்ததைச் சொல்லும் பேயூ சித்திரத் துணியில், அவர்களிடம் தோற்ற மன்னர் ஹரோல்டு வரும் தேவாலயம் இந்த ஊருடையது. அழகான ஊர். ஆனால் கடலேற்றத்தின்போது கரையோரச் சாலையே தண்ணீருக்குள் போய்விடும், அங்கே நிறுத்திய கார்களும் சேர்ந்துதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் இன்னும் அதிகம். கடலேற்ற நேர அட்டவணையைப் பார்த்துவிட்டு வண்டியை மேட்டில் நிறுத்துங்கள்.

அப்புறம், சுண்ணாம்புப் பாறை. பர்லிங் கேப் பக்கம் கடல் கரையைத் தின்றுகொண்டே வருகிறது. பெல் டூட் என்ற பழைய கலங்கரை விளக்கத்தை 1999இல் அப்படியே 17 மீட்டர் உள்ளே நகர்த்தியதும் அதனால்தான். விளிம்பில் புல் இருக்கும், அடியில் பாறை இருக்காது. படம் எடுக்க அங்கே உட்காருபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் பதறுகிறேன். மழைக்குப் பிறகு ஆபத்து அதிகம். பாறையின் அடியில் பாய் விரிக்காதீர்கள். அந்தக் கரையில் நீளமாக நடந்தால் ஏறிவரும் கடல் திரும்பும் வழியை அடைத்துவிடும். மாட்டிக்கொண்டால் 999ஐ அழைத்து, கோஸ்ட்கார்டு (கடலோர மீட்புப் படை) வேண்டும் என்று சொல்லுங்கள்.

நியூ ஃபாரஸ்ட், சவுத் டவுன்ஸ் பக்கம் புல்லிலும் புதரிலும் நடந்தால் உண்ணி ஒட்டும். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், குழந்தைகளின் தலைமுடி ஓரம் பாருங்கள். இருந்தால் கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். அடுத்த சில வாரங்களில் வட்டமாகப் பரவும் தடிப்போ காய்ச்சலோ வந்தால் மருத்துவரிடம் எங்கே நடந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உண்ணிக்கடியால் வரும் லைம் நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணப்படுத்திவிடலாம்.