எம்.பி.க்களைக் குறைத்தால் கஜானா நிறையுமா?

‘நாடாளுமன்றத்தைப் பாதியாக்குங்கள், பணம் மிச்சமாகும், இத்தாலியே செய்துவிட்டது’ என்று இன்னொரு மனு சரிபார்க்க வந்திருக்கிறது. அரசமைப்புச் சட்டம் பார்க்கும் வழக்கறிஞராகக் கேட்கிறேன்: அங்கே என்ன நடந்தது என்று யாராவது எடுத்துப் படித்தீர்களா?

முதலில், பாதியாக்கவில்லை. கீழவை 630-லிருந்து 400, மேலவை 315-லிருந்து 200. 2020 செப்டம்பர் பொதுவாக்கெடுப்பில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். 2022 தேர்தலில் அமலுக்கு வந்தது. (ஜூனியர்களுக்கு: இது இத்தாலிய அரசமைப்பின் 138-ஆம் பிரிவின்கீழ், அரசமைப்புத் திருத்தத்துக்காக நடந்த வாக்கெடுப்பு, குறைந்தபட்ச வாக்குப்பதிவு தேவையில்லை. சட்டத்தை ரத்து செய்யும் வாக்கெடுப்போடு போட்டுக் குழப்பாதீர்கள்.)

இனி அந்த ‘மிச்சம்’. இந்தக் குறைப்பை முன்னின்று கேட்ட ஐந்து நட்சத்திர இயக்கம் என்ற கட்சி ஐந்தாண்டுக்கு 50 கோடி யூரோ என்றது. பொருளாதார நிபுணர் கார்லோ கொட்டரெல்லியின் ஆய்வு மையமோ ஆண்டுக்கு 5.7 கோடிதான் என்றது. எம்.பி. சம்பளத்தில் ஒரு பகுதி வரியாக அரசுக்கே திரும்புகிறதே, அதையும் கழிக்க வேண்டாமா? நாட்டின் மக்கள்தொகை சுமார் 6 கோடி. தலைக்கு ஆண்டுக்கு ஒரு யூரோகூடத் தேறாது. ரோமில் நின்றபடி குடிக்கும் ஒரு காப்பிக் காசு. அரசின் மொத்தச் செலவில் 0.007 சதவீதம். ஆள் குறைந்தாலும் கட்டடம், காவல், பணியாளர்கள், முன்னாள் எம்.பி.க்களின் ஓய்வூதியம் எல்லாம் அப்படியேதான். சம்பளம்தான் உறுத்துகிறது என்றால் சம்பளத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், ஆளை அல்ல.

இழப்பு வேறு இடத்தில். பசிலிகாட்டா என்ற சிறு மாநிலத்துக்கு 7 செனட்டர்கள் (மேலவை உறுப்பினர்கள்) இருந்தார்கள், இப்போது 3. மூன்று இடத்தில் சிறு கட்சி எதைப் பிடிக்கும்? செனட்டின் நிலைக்குழுக்கள் 14-லிருந்து 10 ஆயின. கீழவை 14 குழுக்களையும் வைத்துக்கொண்டது. குழுவுக்குச் சராசரி 45 பேர் இருந்த இடத்தில் இப்போது 28, 29. மசோதாவை வரிவரியாகப் பிரித்துப் பார்ப்பது அங்கேதான். டி.வி.யில் காட்டுவதில்லை, அதனால் யாருக்கும் கவலையில்லை.

குறைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. பெரிய அவையில் பலர் வாயே திறப்பதில்லை என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அப்படியானால் அதை எழுதுங்கள். கூடவே மூன்று பதில்களும் வேண்டும்: ஓர் உறுப்பினருக்கு எத்தனை லட்சம் மக்கள், சிறு பகுதிகளுக்குக் குறைந்தபட்சம் எத்தனை இடம், குழு வேலையை யார் பார்ப்பது. மிச்சக் கணக்கை முதல் பக்கத்தில் போட்டு மட்டும் தயவுசெய்து கொண்டு வராதீர்கள், திருப்பி அனுப்பிவிடுவேன்.