போனாலும் எதிர்காற்று, வந்தாலும் எதிர்காற்று

நங்கநல்லூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வியன்னாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது, அவரும் மனைவியும் டான்யூப் ஆற்றங்கரைப் பாதையில் ஒரு வாரம் சைக்கிளில் சுற்றியிருக்கிறார்கள். ஜெர்மனியின் எல்லையில் உள்ள பாஸாவ் ஊரில் தொடங்கி வியன்னா வரை, சுமார் 320 கிலோமீட்டர்.

"ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் சோளக்கொல்லை. லாரி இல்லை, ஹாரன் இல்லை. எனக்கு வயது 63. தினமும் 50 கிலோமீட்டர் ஓட்டியும் முழங்கால் வாயே திறக்கவில்லை. ஆறு ஓடும் திசையில் போவதால் எல்லாம் இறக்கம், அதனால்தான் சுலபம் என்றார்கள் கூட வந்தவர்கள். இங்கே வந்து நங்கநல்லூரிலிருந்து பெசன்ட் நகர் போய்வருவதற்குள் நாக்குத் தள்ளுகிறது. போனாலும் எதிர்காற்று, வந்தாலும் எதிர்காற்று. சூலம் பார்க்காமல் கிளம்பினால் இப்படித்தான் என்கிறாள் என் மனைவி. எது சார் சரி?"

முதலில் இறக்கத்தைப் பார்த்துவிடுவோம். பாஸாவ் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம், வியன்னா சுமார் 160. வித்தியாசம் 140 மீட்டர். கேட்க ஒரு குன்று மாதிரி இருக்கிறது. ஆனால் அதை 320 கிலோமீட்டருக்குப் பரப்பினால், கிலோமீட்டருக்கு 44 சென்டிமீட்டர். ஒரு நாற்காலியின் இருக்கை உயரம். ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், இந்த இறக்கம் உங்களை முன்னே இழுக்கும் விசை 44 கிராம் எடைக்குச் சமம். அதாவது, ஓர் இட்லியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, அது உங்களை வியன்னாவுக்கு இழுத்துப்போகிறது என்று நம்புவது போல.

அந்தப் பாதை இவ்வளவு சமதளமாக இருப்பதற்குக் காரணம் வேறு. நீராவிக் கப்பல் வருவதற்கு முன், சரக்குப் படகுகளை ஆற்றின் எதிர்த்திசையில் குதிரைகள்தான் கரையில் நடந்து இழுத்தன. அந்தக் குதிரைத் தடத்தின் மேல்தான் இன்றைய சைக்கிள் பாதை பல இடங்களில் போகிறது. நம் பக்கிங்காம் கால்வாயிலும் படகுகளைக் கயிறு கட்டி ஆட்கள் இழுத்திருக்கிறார்கள். அந்தக் கரையில் இன்று என்ன ஓடுகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, சென்னை சிக்னல்கள் காரணமாக இருக்குமோ? 15 கிலோமீட்டர் வேகத்தில் வந்து பிரேக் பிடித்து நின்றால் வீணாகும் ஆற்றல், அதே வேகத்தில் 70 மீட்டர் ஓட்டுவதற்கு ஆகும் ஆற்றல்தான். இருபது சிக்னலில் நின்றாலும் ஒன்றரைக் கிலோமீட்டர் கூடுதல், அவ்வளவே. எரிச்சல் தனிக் கணக்கு.

மிச்சம் இருப்பது டயரும் காற்றும். டயர் தரையில் நசுங்கி நிமிர்வதில் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகப் போய்விடும். நன்றாகக் காற்றடித்து வைத்தால் இது குறையும். நிமிர்ந்து உட்கார்ந்து 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு டயர் சுமார் 25 வாட் கேட்கும், காற்று இன்னொரு 25 வாட். ஆக 50 வாட். காற்றே வீசாத நாளில் இது உலாத்தல்தான், முழங்கால் வாய் திறக்காது.

இப்போது எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசட்டும். உங்கள் முகத்தில் அடிப்பது 30 கிலோமீட்டர் காற்று. வேகம் இரண்டு மடங்கானால், ஒவ்வொரு நொடியும் நீங்கள் விலக்க வேண்டிய காற்றின் அளவு இரண்டு மடங்கு. அதை இரண்டு மடங்கு வேகத்தில் விலக்கவும் வேண்டும். ஆக விசை நான்கு மடங்கு. காற்றுக்கு மட்டும் 25 வாட் கேட்ட இடத்தில் இப்போது 100 வாட். டயரையும் சேர்த்தால் 125. நொடிக்கு ஒரு படி வீதம் நிற்காமல் மாடிப்படி ஏறுவதற்குக் கிட்டத்தட்டச் சமம்.

திரும்பி வரும்போது அதே காற்று முதுகில். நீங்களும் 15, காற்றும் 15. முகத்தில் ஒன்றுமே அடிக்காது. டயருக்கான 25 வாட் மட்டும் போதும். போகும்போது கொடுத்ததை வரும்போது வாங்கிவிட்டோம் என்றுதான் தோன்றும். கணக்கைப் பாருங்கள்: போகும்போது 75 வாட் நஷ்டம், வரும்போது 25 வாட் லாபம். காற்றில்லாத நாளைவிட மொத்தத்தில் ஒன்றரை மடங்கு உழைப்பு.

வேகத்தை விட்டுவிட்டு, அதே 50 வாட்டில் நிதானமாக மிதித்தால்? எதிர்காற்றில் எட்டரைக் கிலோமீட்டர் வேகம்தான் வரும், பின்காற்றில் 23. இருபது கிலோமீட்டர் போய்த் திரும்பினால், எதிர்காற்றில் இரண்டே கால் மணி நேரத்துக்கும் மேல், பின்காற்றில் ஒரு மணி நேரம்கூட இல்லை. பாதி தூரம்தான் எதிர்காற்று, ஆனால் நேரத்தில் முக்கால்வாசி எதிர்காற்று. நமக்கு ஞாபகம் இருப்பது நேரம்தானே? நல்லது சீக்கிரம் முடிந்துவிடுகிறது, சனியன் நின்று நிதானமாக வாட்டுகிறது.

இதுவரை சொன்னதைப் பலர் யூகித்திருப்பீர்கள். எனக்கு மிகவும் பிடித்தது அடுத்தது. காற்று முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, சரியாக இடுப்புப் பக்கமாக வீசினால் என்ன ஆகும்? சைக்கிளைச் சாய்க்கப் பார்க்கும், ஆனால் போகிற வேகத்தை ஏன் தடுக்க வேண்டும் என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன்.

தினசரி காலண்டரில் கிழித்த தாளைத் திருப்பிப் போட்டு ஒரு சதுரம் வரையுங்கள். ஒரு பக்கம் உங்கள் 15, அடுத்த பக்கம் குறுக்குக் காற்றின் 15. உங்கள் மேல் உண்மையில் படும் காற்று இந்தச் சதுரத்தின் மூலைவிட்டம். பிதாகரஸ் கணக்கில் 21 கிலோமீட்டர், சாய்வாக முன்னாலிருந்து வருகிறது. விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப என்பதால், 15ஐவிட 21 சரியாக இரண்டு மடங்கு விசை தரும். அந்த விசையும் சாய்வாகத்தான் தள்ளும். அதில் பின்னோக்கித் தள்ளும் பங்கு 0.7. இரண்டை 0.7ஆல் பெருக்கினால் 1.4. பக்கவாட்டில் மட்டுமே வீசிய காற்று, உங்கள் பாதையில் உள்ள தடையை நாற்பது சதவீதம் கூட்டிவிட்டது! காற்றுக்குத் திசை இருக்கிறது. ஆனால் நீங்கள் நகரத் தொடங்கியதுமே அந்தத் திசை முன்பக்கமாக வளைந்துவிடுகிறது.

இன்னும் கொஞ்சம் கணக்குப் போட்டேன். காற்றும் நீங்களும் ஒரே வேகம் என்றால், காற்று உதவியும் செய்யாமல் உபத்திரவமும் செய்யாமல் இருக்கும் கோணம் 90 டிகிரி அல்ல, நேர் எதிரிலிருந்து 102 டிகிரி. சுற்றிலும் உள்ள 360 டிகிரியில் 204 டிகிரி உங்களுக்கு விரோதி. ஆக, "எப்போது பார்த்தாலும் எதிர்காற்று" என்பது புலம்பல் இல்லை, வடிவியல்.

ஓர் ஆடி மாதம் கல்லணையிலிருந்து காவிரிக்கரையோடு திருவையாறு வரை போய்வந்தேன். ஆடியில் அங்கே மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வருவது. போகும்போது மிதித்ததே நினைவில்லை. திரும்பும்போதுதான் அம்மி பறக்கும் என்கிற பழமொழி புரிந்தது. கரை வளைகிற இடங்களில் காற்று பக்கவாட்டுக்கு மாறியும் சுகம் கிடைக்கவில்லை. காரணம் மேலே சொன்ன 1.4. ஆனால் ஒன்று கவனித்தேன். வலப்பக்கம் நாற்று நட்ட வயல் இருந்தால் காற்று தங்குதடையில்லாமல் அறைகிறது. வாழைத்தோட்டம் வந்ததும் கதவைச் சாத்தியது போல அடங்குகிறது. தோட்டத்தின் ஓரத்து வாழைகளில் இலைகள் எல்லாம் நார்நாராகக் கிழிந்து தொங்கின. அது சேதம் மாதிரித் தெரிந்தாலும், கிழிந்த இலை காற்றுக்கு வழிவிட்டு மரத்தைக் காப்பாற்றுகிறது. நம்மால் கிழிந்துகொள்ள முடியாது, குனியலாம். நானும் திருக்காட்டுப்பள்ளி வரை குனிந்துகொண்டே வந்தேன்.

இந்த இடத்தில் ஒரு வயிற்றெரிச்சல். பெரிய விசிறியால் காற்றை ஊதித் தடையை அளக்கும் காற்றுச் சுரங்கத்தில் சைக்கிளை வைத்து அளப்பது உலகில் எத்தனையோ இடங்களில் நடக்கிறது. எல்லாம் பந்தய வீரரின் ஹெல்மெட்டுக்கும் சட்டைக்கும். இரண்டு பக்கமும் கேன் தொங்கும் பால்காரர் சைக்கிளுக்கோ, இளநீர்க் குலை கட்டிய சைக்கிளுக்கோ தடை எவ்வளவு, கேனை எப்படி மாட்டினால் குறையும் என்று அளக்கப் பெரிய செலவு ஆகாது. கிண்டி ஐஐடியிலேயே காற்றுச் சுரங்கம் இருக்கிறது. யாராவது நிதி ஒதுக்கினால் கேனை நானே சுமந்துகொண்டு வருகிறேன்.

வாசகருக்குப் பதில்: டான்யூப் கரையில் உங்களைத் தள்ளிவிட்டது இறக்கம் இல்லை, ஐரோப்பாவில் பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும் காற்று. நீங்கள் போனது கிழக்கே. சென்னையிலும் இதையே சாதிக்கலாம். ஜூன், ஜூலையில் காலையில் மேல்காற்று. நண்பகல் தாண்டி, சூடான நிலத்தை நோக்கிக் கடல்காற்று கிளம்பி எதிர்த்திசையில் வரும். காலையில் கிழக்கே பெசன்ட் நகர் போய், சாயங்காலம் நாலரைக்குக் கடல்காற்று முதுகில் தள்ள வீடு திரும்புங்கள். இரண்டு பக்கமும் லாபம் கிடைக்கிற அபூர்வமான ஊர் இது. சூலத்துக்குக் கிழமை தெரியும், காற்றுக்குத் தெரியாது.

இதை எழுதி அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது: "திங்கட்கிழமை கிளம்புகிறோம் சார். அன்றைக்குக் கிழக்கே சூலமாம், பரிகாரம் தயிர் என்று காலண்டரில் போட்டிருக்கிறது. எப்படியும் நாலரை வரை அங்கே இருக்க வேண்டுமே, தயிர்சாதமாகக் கட்டிவிட்டாள்."