பனித்தயிர்: இரண்டு முறை உறையும் பண்டத்துக்கு ஒரு பெயர்

தயிரை ஒரு தட்டில் மெல்லியதாகப் பரப்பி, மேலே பழத்துண்டுகளைப் பதித்து, ஃப்ரீசரில் இறுக வைத்து, பிறகு கையால் உடைத்துத் தின்கிறோம். செய்வது எளிது. பெயர் சொல்வதுதான் கடினமாக இருக்கிறது. சிலர் 'ஃப்ரோஸன் யோகர்ட்' என்று ஒலியை மட்டும் எடுத்து எழுதுகிறார்கள். மொழிபெயர்ப்பவர்கள் 'உறைந்த தயிர்' என்கிறார்கள். இந்த இரண்டாவது பெயரோடுதான் எனக்குச் சண்டை.

என் அக்காவுக்கு இதன் செய்முறையை ஒருமுறை எழுதி அனுப்பினேன். 'பழம் சேர்த்த தயிரை நான்கு மணி நேரம் உறைய விடவும்' என்பது அதில் ஒரு வரி. அவர் தட்டை மூடி அடுப்பங்கரை மேடையிலேயே வைத்துவிட்டார். மாலையில் பார்த்தால் தயிர் புளித்து, பழம் நீர்விட்டுக் கிடந்தது. அவர் செய்ததில் பிழையே இல்லை. தயிரையும் உறைவதையும் ஒரே வரியில் சொன்னால், தமிழ் அறிந்த எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பால் உறைவதுதான்.

'உறை' என்பது பல பொருள் தாங்கும் சொல். தங்குவதும் உறைதல்தான், உறைவிடம் அதிலிருந்து வந்தது. தலையணைக்குப் போடுவதும் உறை, வாளை இடுவதும் உறை. நமக்கு இங்கே வேண்டியவை இரண்டு பொருள்கள். பால் தயிராக இறுகுவது ஒன்று, நீர் பனிக்கட்டியாக இறுகுவது மற்றொன்று. பாலில் ஊற்றும் சிறிதளவு மோருக்கு உறைமோர் என்றும் பிரை என்றும் பெயர். ஆக, 'உறைதயிர்' என்று சொன்னால் அது உறைந்த தயிர், உறைகின்ற தயிர், உறையும் தயிர் என மூன்று காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகையாகி, எல்லாத் தயிரையும் குறித்துவிடுகிறது. உறையாத தயிர் என்று ஒன்று உண்டா? பிறகு அந்த அடைமொழிக்கு என்ன வேலை?

இரண்டு உறைதலும் ஒன்றல்ல என்பதைத் தட்டே காட்டிவிடும். பனியாக உறைந்தது வெளியே வைத்தால் உருகி நீராகும். தயிராக உறைந்த பாலை என்ன செய்தாலும் பாலாக மீட்க முடியாது. நுண்ணுயிர்கள் பாலிலுள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்ற, அந்தப் புளிப்பில் புரதங்கள் ஒன்றோடொன்று பின்னி வலையாகி, நீரைத் தமக்குள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பால் 'திரிவது' இதிலிருந்து வேறு என்பதையும் நம் மொழி தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. பண்பில்லாதவன் பெற்ற செல்வத்துக்குத் திருக்குறள் சொல்லும் உவமை, பாத்திரத்தின் தீமையால் பால் திரிந்தது என்பது, உறைந்தது என்பதல்ல.

இனி யோகர்ட். யோகட் என்றும் எழுதுவார்கள். இது துருக்கிய மொழியிலிருந்து ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்த சொல். துருக்கியர் அதைச் சொல்லும்போது ஏறத்தாழ 'யோஉர்ட்' என்று கேட்கும். நடுவிலுள்ள எழுத்துக்கு இன்றைய துருக்கியில் தனி ஒலி கிடையாது. நாம் அழுத்திச் சொல்லும் ககரம் வழியில் ஒட்டிக்கொண்டது. 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் அல் காஷ்கரி தொகுத்த துருக்கிய மொழிகளின் அகராதியிலேயே இச்சொல் இருக்கிறது. பிசைதல் என்று பொருள்படும் வினையோடு இதற்கு உறவு உண்டு. அடர்த்தி என்பதற்கான சொல்லும் அதே குடும்பம்தான்.

பிசைதல் என்று படித்ததும் எனக்குக் குறுந்தொகையின் 167ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. கூடலூர் கிழார் பாடியது. 'முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்' என்று தொடங்கும். முற்றி இறுகிய தயிரைப் பிசைந்த விரல்கள். துருக்கிச் சொல்லுக்கும் இந்த அடிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் கட்டித் தயிரைக் கண்ட கை எங்கேயும் முதலில் பிசையத்தான் போகும் போலிருக்கிறது. 'தயிர்' என்ற சொல் சங்கப் பாட்டில் இருந்த அதே வடிவில் இன்றும் நம் வாயில் இருக்கிறது என்பது எனக்குத் தீராத மகிழ்ச்சி.

யோகர்ட் வேறு, தயிர் வேறு என்று வாதிடுபவர்கள் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. பன்னாட்டு உணவுத் தரவரையறையின்படி, யோகர்ட் என்று சொல்ல லாக்டோபேசிலஸ் பல்கேரிக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் ஆகிய இரண்டு நுண்ணுயிர்களும் சேர்ந்து பாலை உறைய வைத்திருக்க வேண்டும். வீட்டுத் தயிரில் எந்தெந்த நுண்ணுயிர் இருக்கும் என்பதை ஊற்றிய பிரைதான் முடிவு செய்கிறது. ஆய்வகத்துக்கு இந்த வேறுபாடு தேவை. தட்டில் பரப்பி உறைய வைக்கும் நமக்குத் தேவையில்லை. தயிர் என்பதே போதும்.

சரி, முன்னால் என்ன சேர்ப்பது? 'குளிர்தயிர்' என்றால் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சாதாரணத் தயிரைத்தான் நினைப்போம். 'பனி' சேர்ப்பதே பொருத்தம். பனி என்பது முதலில் மார்கழி விடியலில் இலைமேல் படிவதுதான். ஆனால் பனிக்கட்டி, பனிமலை என்று அது நெடுங்காலமாகக் கட்டிப்பட்ட நீரையும் குறித்து வருகிறது. ஐஸ்கிரீமுக்குப் பனிக்கூழ் என்ற சொல் ஏற்கெனவே அச்சில் புழங்குகிறது. அதன் பக்கத்தில் 'பனித்தயிர்' இயல்பாக உட்கார்ந்துகொள்ளும். தகரம் இரட்டிப்பதை மறக்க வேண்டாம்.

உடைத்துத் தின்னும் இந்த வகைக்கு ஆங்கிலத்தில் மரப்பட்டையின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். தமிழில் 'தயிர்ப்பட்டை' என்றால் கறிக்குப் போடும் பட்டைதான் மணக்கும். உடைக்காத முழுத் தகட்டைப் பாளம் என்றும், உடைத்த துண்டைச் சில்லு என்றும் சொல்லலாம். பனித்தயிர்ச் சில்லு. சொல்லும்போதே பல்லில் நொறுங்குகிறது.

செய்முறையிலும் சொல் துல்லியம் உதவும். தயிரை முதலில் 'வடிகட்ட' வேண்டும்: மெல்லிய துணியில் கட்டி ஓரிரு மணி நேரம் தொங்கவிட்டால் தெளிநீர் இறங்கிவிடும். நீர் மிகுந்தால் பெரிய பனிப்படிகங்கள் உண்டாகி, தின்னும்போது மணல்போல் நெறுநெறுக்கும். தேனோ சர்க்கரையோ சேர்ப்பது இனிப்புக்கு மட்டுமல்ல. அவை நீர் உறையும் வெப்பநிலையைத் தாழ்த்துவதால் பாளம் கல்லாக இறுகாமல் இருக்கும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது. தாள் விரித்த தட்டில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான கனத்தில் பரப்பி, ஈரம் ஒற்றிய பழத்துண்டுகளைப் பதியுங்கள். மாம்பழம், வாழைப்பழம், ஸ்ட்ராபெரி எல்லாம் நன்றாக அமையும். வேகவைக்காத அன்னாசி, கிவி, பப்பாளி ஆகியவற்றில் புரதத்தை அரிக்கும் நொதிகள் இருப்பதால் தயிர் கசந்து இளகிவிடும். திராட்சையைச் சிறு பிள்ளைகளுக்கு நீளவாக்கில் நான்காக அரிந்து போடுங்கள். முழுப் பழம் தொண்டையில் அடைக்கக்கூடும். மைனஸ் 18 டிகிரியில் நான்கு மணி நேரம் போதும். செய்முறையை யாருக்காவது எழுதி அனுப்பினால் 'ஃப்ரீசரில் வைக்கவும்' என்றே எழுதுங்கள்.

இது உண்பதா, தின்பதா? தயிர் உண்ணப்படுவது, மோர் பருகப்படுவது. பனித்தயிர்ச் சில்லைக் கடித்து மென்றாக வேண்டும். ஆகவே இது தின்பண்டம். ஆனால் சில நிமிடங்கள் மேசையில் கிடந்தாலே உருகத் தொடங்கும். பனிப்படிகங்கள் புரத வலையைக் கிழித்திருப்பதால் உருகியது பழைய கட்டித் தயிராகத் திரும்பாது, நீர் தனியே பிரிந்து நிற்கும். அதை மறுபடி ஃப்ரீசரில் வைக்காமல் கரண்டியால் கலக்கி அப்போதே குடித்துவிடுங்கள்.