மனிதவளம்: கிராணி வேலைக்குப் புதுப்பெயரா?

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையில் (2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயரை மாற்றினார்கள், எங்கள் ஒட்டுக்கடையில் இன்னும் யாரும் மாற்றவில்லை) ஒருவருக்குப் புது வேலை கிடைத்தால் ஊருக்கே விவரம் சொல்லியாக வேண்டும். எனக்குப் பருவநிலை மாற்றத்துக்காக வேலை செய்யும் ஓர் அரசு சாரா இயக்கத்தில் இடம் கிடைத்தது. நியமனக் கடிதத்தில் ‘ஹியூமன் ரிசோர்சஸ் அண்ட் ஆப்பரேஷன்ஸ்’ என்று போட்டிருந்தார்கள். பாட்டிக்கு ஆப்பரேஷன் மட்டும்தான் காதில் விழுந்தது. “எந்த ஆஸ்பத்திரிம்மா?” என்று கேட்டார். சரி, தமிழில் சொல்லிப் பார்ப்போம் என்று “மனிதவளம் பாட்டி” என்றேன். ஆஸ்பத்திரியாவது பரவாயில்லை என்பது போலப் பார்த்தார்.

பாட்டி மேல் தப்பில்லை. மனிதவளம் நம் பேச்சில் முளைத்த சொல் இல்லை, ஆங்கிலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்த சொல். நம் நாட்டில் ஓர் அமைச்சுக்கே மனிதவள அமைச்சு என்று பெயர் இருப்பதால் செய்தி கேட்பவர்களுக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். ஆங்கிலத்திலும் இது ரொம்பப் பழைய பேச்சில்லை. முன்பு ஊழியர் விவகாரம் பார்க்கும் பிரிவை ‘பெர்சனெல்’ என்றுதான் சொன்னார்கள், 1954இல் நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கர் நிர்வாகம் பற்றி எழுதியபோது தொழிலாளியை ‘ஹியூமன் ரிசோர்ஸ்’ என்று பேசினார், அதற்குப் பிறகுதான் அது அலுவலகக் கதவு வரைக்கும் வந்தது. ரிசோர்ஸ் என்ற சொல்லின் வேரைத் தோண்டினால் பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனுக்குப் போகும், அங்கே அதற்கு ‘மறுபடி எழுவது’ என்று பொருள். மலாயில் சும்பர் மனுசியா. சும்பர் என்றால் ஊற்று. மூன்று மொழியில் எனக்குப் பிடித்தது மலாய்தான், ஊற்று என்றால் தண்ணீர் தானாக வர வேண்டும் என்பதாவது அதில் இருக்கிறது.

நம் வளத்துக்கு வருவோம். வளம், வளமை, வள்ளல் எல்லாம் ‘வள்’ என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை என்பார்கள். திருக்குறளில் கணவனின் வருமானத்துக்கு ஏற்றபடி வாழும் மனைவியை ‘வளத்தக்காள்’ என்று சொல்லும்போது வளம் வருமானம். ‘ஏரின் உழாஅர் உழவர் புயல்என்னும் வாரி வளங்குன்றிக் கால்’ என்னும்போது அது மழையின் வளம், அது குறைந்தால் உழவர் ஏர் பூட்ட மாட்டார்கள். பருவநிலைக்கும் வேலைக்கும் இரண்டே அடியில் முடிச்சுப் போட்ட குறள் அது. இரண்டு இடத்திலும் பாருங்கள், வளம் மனிதருக்குக் கிடைப்பது. மனிதரே வளம் இல்லை. மண்வளம், நீர்வளம், வனவளம் என்ற வரிசையில் மனிதரையும் கொண்டுபோய் நிறுத்தியது பிற்பாடு வந்த மொழிபெயர்ப்பு.

எங்கள் அலுவலகத்தில் இது கூடுதலாக உறுத்துகிறது. ஊருக்குப் பக்கத்திலேயே ராஜா மூசா சதுப்புக்காடு இருக்கிறது. மரம் வெளியே கொண்டுவர அங்கே கால்வாய் வெட்டினார்கள், தண்ணீர் வடிந்து அடியிலிருக்கும் பீட் மண் (செடிகொடி மக்கிச் சேர்ந்த மண்) காய்ந்தது, காய்ந்த பீட் தீப்பிடித்தால் மண்ணுக்குள்ளேயே நாள்கணக்கில் புகையும். வனவளம் என்று சொல்லித்தான் அந்த மரத்தையும் எடுத்தார்கள். இப்போது கால்வாயை அடைத்துத் தண்ணீரைத் தேக்குகிறவர்களுக்கு நான் ‘வளம்’ என்று கோப்பில் பெயர் எழுதுகிறேன்.

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு என்ன பெயர் இருந்தது? ஆள். “இன்னைக்கு எத்தனை ஆள்?” விடியற்காலைப் பெரட்டில் (வேலைக்கு வந்தவர்களை எண்ணும் கூட்டத்தில்) அதுதான் கேள்வி. எண்ணியவர் கங்காணி: கண்ணும் காணுதலும் சேர்ந்த கண்காணிதான் வாயில் தேய்ந்து கங்காணி ஆனது. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தோட்டத் தொழிலாளர் அனுப்புவதைத் தடுக்கும் வரை தன் ஊருக்கே போய் ஆள் சேர்த்து வந்தவரும் அவர்தான். அந்த எண்ணிக்கையை செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஏற்றிச் சம்பளம் போட்ட எழுத்தர்தான் கிராணி. மலாயில் கெரானி, இந்துஸ்தானியில் கராணி, அதற்கு மூலம் சமஸ்கிருதக் கரணம் என்பார்கள். சோழர் கல்வெட்டில் ஊர்க்கணக்கு எழுதுகிறவர் கரணத்தான் என்று வருகிறார், அவரும் அந்தக் கரணத்தின் பிள்ளைதான்.

ஆக, என் வேலை கிராணி வேலையா? பாதி அப்படித்தான். இலாப நோக்கற்ற அமைப்பு என்பதற்காக ஊழியர் சேமநிதி போடாமல் இருந்துவிட முடியாது. மாதச் சம்பளம் 5,000 வெள்ளி வரை இருப்பவருக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு, அதற்கு மேல் 12, தொழிலாளி பங்கு 11, அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தாவையும் அதே தேதிக்குள் கட்ட வேண்டும். வார வேலை நேரம் 2023 ஜனவரியிலிருந்து 48 மணியிலிருந்து 45ஆகக் குறைந்திருக்கிறது, ஆனால் மரக்கன்று நடுவது எப்போதும் சனி ஞாயிறில்தான் வரும், அந்த மணிக்கணக்கை யார் பார்ப்பது? நான்தான். அப்புறம் லாரி, பூட்ஸ், சாப்பாடு, காப்புறுதி. இதுதான் ஆப்பரேஷன்ஸ். இதற்குச் ‘செயல்பாடு’ என்று அகராதியைப் பார்த்து எழுதினால் ஒன்றும் விளங்காது, ‘அன்றாட நிர்வாகம்’ என்றால் போதும்.

மனிதவளத்துக்கு மாற்று கேட்டால் என் ஓட்டு ‘ஆளணி’க்கு. இலங்கைத் தமிழர்கள் அலுவலக எழுத்தில் வெகுநாளாகப் புழங்குகிறார்கள். தோட்டத்து ஆள் அதில் அப்படியே இருக்கிறார், ஆனால் தலைக்கணக்காக இல்லை, அணியாக. ஆள் என்பதே ஆளுவதற்கும் வினையடி, அதுவும் எனக்குப் பிடித்திருக்கிறது. அமைச்சுக்கு எழுதும் கடிதத்தில் மனிதவளம் என்றே போடுங்கள், இல்லாவிட்டால் கடிதம் வேறு மேசைக்குப் போய்விடும். உள்ளே ஆளணியும் அன்றாட நிர்வாகமும்.

பாட்டியிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் போய், “பேத்திக்குக் காட்டுல கிராணி வேலை” என்று சொல்லிவிட்டார்.